வேப்பங்கொம்பில் தொங்கிய சால்

பாகம் பிரிக்கும்போது மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைக்கிறவர் ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் வைத்தால் பெரியது தம்பிக்குப் போய்விடும். அதனால் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நேராகத்தான் வைத்தாக வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். என் பெரியப்பா நேராகத்தான் வைத்தார். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவர் தம்பியை நன்றாக அறிந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வெண்ணந்தூருக்குத் தெற்கே எங்கள் தோட்டம். நிலமும் மாடும் பாத்திரமும் காலையிலேயே பிரிந்துவிட்டன. கிணறு பொது. ஒரு நாள் அவர்கள் இறைக்க வேண்டும், மறுநாள் நாங்கள். மிச்சம் இருந்தவை இரும்புச் சாமான்கள். அதைப் பெரியப்பா இரண்டு பங்காக வைத்தார். ஒரு பக்கத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற இரும்புச் சால், தனியாக. புதுசு. சேலத்திலிருந்து வண்டியில் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொரு பக்கத்தில் அப்பா பதினைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பழைய இரும்பு முழுவதும்: தேய்ந்த ஏர்க் கொழுக்கள், வண்டிப் பட்டைத் துண்டுகள், கழன்ற லாடங்கள், காம்பில்லாத மம்முட்டி இலைகள், கதவுக் கொண்டிகள், ஒரு மூட்டை ஆணி.

அந்தக் குவியலைப் பற்றிச் சொன்னால்தான் அப்பாவைப் பற்றிச் சொன்னதாகும். எங்கள் வீட்டில் ஒரு இரும்புக்கும் சாவு கிடையாது. மம்முட்டி தேய்ந்தால் அதைக் களைக்கொத்தாக அடிப்பார். களைக்கொத்து தேய்ந்தால் தேங்காய் துருவுகிற பல். அதுவும் தேய்ந்தால் மாட்டுத் தும்புக் கயிற்றுக்கு ஒரு வளையம். கொல்லனிடம் போக மாட்டார். தோட்டத்து மூலையில் தாமே ஒரு சின்ன உலையை வைத்துக்கொண்டிருந்தார். தெருவில் நடக்கும்போது அவர் கண் தரையில்தான் இருக்கும். வளைந்த ஆணி ஒன்றைக் கண்டால் எடுத்து மடியில் கட்டிக்கொள்வார். ஊரில் அவருக்கு இருந்த பட்டப்பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"எடுத்துக்கடா தம்பி. எது வேணும்?" என்றார் பெரியப்பா.

நான் அப்போது ராசிபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அந்தத் தைரியத்தில் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறந்தேன். "சாலைப் பிரிக்க வேண்டாமுங்க. கிணறு பொதுவா இருக்கிற மாதிரி சாலும் பொதுவா இருக்கட்டும். முறை நாளுக்கு அவங்கவங்க கட்டி இறைச்சுக்கலாமுங்களே."

பஞ்சாயத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார். "படிச்ச புள்ள சொல்றது நாயந்தான் சாமி. அப்படியே உங்கப்பனுக்கும் பெரியப்பனுக்கும் ஒரே எலையில சோத்தப் போட்டுரு. பாகமே வேண்டாம், நாங்க ஊட்டுக்குப் போறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு எழுந்து போய்ச் சாலின் விளிம்பை ஒரு முறை தடவிப் பார்த்தார். அதை விட்டுவிட்டுக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு பட்டைத் துண்டை எடுத்துத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று "சாலு, சாலு" என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் அவரிடம் போய்ச் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"எனக்கு இது போதுமுங்க அண்ணா. இதுல நாலு சாலு பண்ணுவேன்."

பெரியப்பா தலையை ஆட்டினார். சிரிக்கக்கூட இல்லை. அதற்குள் சாலைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொல்லி ஆளுக்குக் கண் காட்டிவிட்டார்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. வடக் கயிறு கிடைத்தது, தோல் கிடைத்தது, இரும்புத் தகடுதான் எங்கும் கிடைக்கவில்லை. பெரியப்பா ஒரே வாரத்தில் வடமும், சாலின் அடியில் கட்டுகிற தோல் தும்பியும் வாங்கிவிட்டார். நாங்கள் தகரம் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்பா மாசியில் சின்ன வெங்காயம் நட்டார். தனியாகப் போன பிறகு அதுதான் எங்கள் முதல் வெள்ளாமை. வீட்டில் அதற்கு மேல் தானியம் இல்லை. இது பிழைக்காவிட்டால் நிலத்தைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு மலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவதைத் தவிர வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா அதைச் சந்தையில் வைத்தே சொன்னார்: "பங்குனி வெயில் அடிக்கட்டும். வெங்காயம் காயட்டும். காட்டுச் சாவிய அவனே கொண்டாந்து குடுப்பான்."

எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்; அதற்கு ஏது சாவி! ஆனால் கேட்டவர்களுக்குப் புரிந்தது.

அப்பா சால் செய்தார். வண்டிப் பட்டையை வளைத்து வாய் வளையம், மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்து உடம்பு, மம்முட்டி இலைகளைத் தட்டி அடி. பழைய ஆணிகளைச் சூடேற்றி இரண்டு பக்கமும் தட்டி மூட்டினார். இடுக்குகளில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாடுகள் வாரிச் சரிவில் இறங்க, சால் மேலே ஏறி வரும்போது பக்கவாட்டில் எல்லா மூட்டிலும் தண்ணீர் பீய்ச்சும். வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள் பாதி கிணற்றுக்கே திரும்பிவிடும். அந்தி வரைக்கும் இறைத்தாலும் பாத்திகள் நனைந்த மாதிரியே இருக்காது.

பெரியப்பா எங்கள் முறை நாட்களில் தம் சாலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகலாம். கொண்டு போக மாட்டார். கிணற்றோரத்து வேப்பமரத்தில், எங்கள் மாடுகள் இறங்குகிற வாரிக்கு நேராக நீண்ட ஒரு கொம்பில் தொங்கவிடுவார். எங்கள் டின் சால் அழுதுகொண்டே மேலே வர, அது தலைக்கு மேலே காய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

"ஏண்டா, வெங்காயத்துக்குத் தண்ணி உடறயா, கெணத்துக்குக் குளிக்க ஊத்தறயா?" என்று வரப்பில் நின்று கேட்பார்.

"உங்க வேலையப் பாருங்கண்ணா," என்பார் அப்பா.

"கேட்டாக் குடுக்கறேன்டா. நான் என்ன கல்லா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேளு."

அப்பா கேட்கவில்லை. ஒரு நாள் டின் சாலின் அடி மொத்தமாகக் கழன்று கிணற்றுக்குள் விழுந்தது. வளையத்தை மட்டும் வடம் மேலே கொண்டு வந்தது. பெரியப்பா வீட்டு ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா கோவணத்தோடு கிணற்றில் முழுகி அந்த மம்முட்டி இலைகளை எடுத்துக்கொண்டு வந்தார். விட மனசில்லை.

மறு முறை நாளில் விடியும்போதே சேலத்துக்குப் புறப்பட்டுவிட்டார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் வைத்திருந்த கடையில் பழைய தகரம் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பெரியப்பாவும் மாடு பார்க்க ராசிபுரம் சந்தைக்குப் போயிருந்தார். வெங்காயத் தாள் நுனியெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது.

அம்மா வரப்பில் போய் நின்றாள். பெரியம்மா அந்தப் பக்கம் மிளகாயில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அக்காளும் தங்கையும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள். பாகம் பிரிந்ததிலிருந்து பேசிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

"அக்கா," என்றாள் அம்மா.

பெரியம்மா நிமிர்ந்தாள். எங்கள் பாத்திகளைப் பார்த்தாள். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வேப்பமரத்துக்கு வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொம்பிலிருந்து சாலை இறக்கினாள்.

"பொழுது எறங்கறதுக்குள்ள மாட்டிப்போடணும் புள்ளே. அவரு வண்டி கெழக்கால வரும்போதே தெரியும்," என்றாள். என்னைப் பார்த்து, "மாட்டப் பூட்டு சாமி. நிக்காதே," என்றாள்.

நான் எங்கள் தும்பியையும் வடத்தையும் கட்டி இறைத்தேன். சால் நிறைந்த வாயோடு மேலே வந்தது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்த சத்தமே வேறாக இருந்தது. அம்மா மடை திருப்பினாள். ஒவ்வொரு பாத்தியாக நிறைந்தது. வெகு நாளைக்குப் பிறகு அம்மா வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள். "குடிங்கடி, குடிங்க," என்று பாத்தியோடு பேசினாள்.

பாதிப் பாத்திகள் நனைந்திருக்கும். அப்பா கக்கத்தில் தகரக் கட்டோடு வந்து நின்றார்.

"யாரு குடுத்தா?"

"அக்கா," என்றாள் அம்மா. "நாந்தான் கேட்டேன். நீங்க கேக்கலீங்களே. உங்களுக்கு ஒரு கொறையும் வராது."

"கழட்டு," என்றார் என்னிடம்.

"அப்பா, இன்னும் பாதிதானுங்க பாய்ஞ்சிருக்குது. பாய்ச்சிட்டு மரத்துல மாட்டிரலாம். பெரியப்பா வர நேரமாகும்."

"கழட்டுடா."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டுங்க, வேண்டாங்கலே. ஆனா மரத்துலயே மாட்டிப்போடுங்க. யாருக்கும் தெரியாது. அக்காளைக் கொன்னு போட்டுருவாருங்க அவரு."

"யாருக்கும் தெரியாதா? எனக்குத் தெரியுமில்ல?"

சாலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். சொட்டுகிற தண்ணீர் முதுகில் வழிந்தது. நாங்கள் பின்னால் ஓடினோம். பெரியப்பா அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்தார். புது மாட்டைப் பார்க்க ஊர் கூடியிருந்தது. அப்பா எல்லாருக்கும் நடுவில் போய்ச் சாலை இறக்கி வைத்தார்.

"அண்ணா, உங்கூட்டுப் பொருளு எங்க காட்டுக்கு வந்துருச்சுங்க. அண்ணி கொண்டாந்து குடுத்துப்போட்டாங்க. நான் கேக்கலீங்க. என்ற ஊட்டுல தெரியாம வாங்கீட்டா. இந்தாங்க, பாத்து எடுத்துக்குங்க."

இவ்வளவு மரியாதையாக அவர் அண்ணனோடு பேசி நான் கேட்டதில்லை.

பெரியப்பா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பெரியம்மா வந்து நின்றாள். கையில் மாவு.

"இத நீ குடுத்தியா?"

"ஆமாங்க. தங்கச்சி காடு காயுதுங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். கூடியிருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர் விலக்கிவிடக்கூடத் தயாராக முன்னால் வந்தார். பெரியப்பா சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தார். சாலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒரே குத்து. பிறகு பக்கவாட்டில் இன்னொன்று. விளிம்பை மிதித்து நசுக்கினார். ஆயிரம் பேர் தவம் கிடந்தாலும் அந்தக் காலத்தில் கிடைக்காத தகடு அது. ஊரே வாயைப் பிளந்தது.

"தூக்குடி," என்றார். "உன்ற தங்கச்சி புருசன் பழைய இரும்பு பொறுக்கறவன். கொண்டுபோய் அவன் குப்பையில போட்டுட்டு வா."

பெரியம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். தெரு நெடுக வந்து, எங்கள் உலையருகே இருந்த குவியல்மேல் அதைப் போட்டாள். போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா அவளைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தார். அந்தச் சாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் சுண்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"நல்ல கனம்," என்றார், எனக்காக அல்ல, தமக்காக. "ரெண்டு பொத்தல்தான்."

அம்மா ஓடி வந்தாள். "அதத் தொடாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். அது பாவத்துப் பொருளு."

"ஏன்? நான் போய்க் கேட்டனா? குப்பையில கெடக்கற இரும்பு யாருது? போட்டவன் போட்டான், பொறுக்கறவன் பொறுக்கறான். அவன் வாயால சொன்னதுதானே?"

இரவல் வாங்குவது அவருக்கு இழிவு. பொறுக்குவது இழிவில்லை. இந்தக் கணக்கை நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் அளவில் அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை என்றால் அதுதான் வேலை. விளிம்பை உலையில் காட்டி நிமிர்த்தினார். ஓட்டைகளின் கிழிந்த உதடுகளைத் தட்டி மடக்கினார். சேலத்துத் தகரத்தை வட்டமாக வெட்டி, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்து, நடுவில் எண்ணெயில் ஊறிய தோலைக் கொடுத்து ஆணி தட்டினார். அவர் செய்த எதிலும் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. சீட்டியடித்துக்கொண்டே செய்தார். எங்கள் முறை நாள் வந்தது. சால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மேலே வந்தது.

வரப்பில் நின்று பெரியப்பா பார்த்தார். அடுத்த நாளே சேலத்துக்கு வண்டி கட்டினார். அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் போய் அலைந்திருக்கிறார். தகடு இல்லை. எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கடுத்த அவர்கள் முறை நாளில் பெரியம்மா இரண்டு குடங்களோடு கிணற்றுப் படியில் இறங்கினாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஏறி வந்து மிளகாயில் ஊற்றிவிட்டு மறுபடியும் இறங்கினாள். பெரியப்பா கிணற்று மேட்டில் குடையை விரித்து உட்கார்ந்திருந்தார். கூலி ஆட்கள் உதவிக்கு வந்தபோது தடுத்துவிட்டார்.

"எடுத்துக் குடுக்கத் தெரிஞ்ச கைக்குத் தூக்கத் தெரியாதா? தூக்கட்டும்."

எங்கள் சால் அப்போது எங்கே இருந்தது என்றால், வேப்பமரத்தில், அதே கொம்பில். அப்பா தொங்கவிட்டிருந்தார்.

அம்மா கேட்டாள். "நம்ம முறையில்லாத நாள்ல சும்மாதானே தொங்குதுங்க. அக்காளுக்குக் குடுங்க."

"அவரு கேக்கட்டும். நான் என்ன கல்லா?"

நான் பெரியப்பாவிடம் போனேன். படித்தவன் சொன்னால் கேட்பார் என்று ஒரு நினைப்பு. "பெரியப்பா, நான் சாலை இறக்கிக் கட்டித் தாரேனுங்க. அப்பாவை நான் பாத்துக்கறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் வீங்கிக் கெடக்குதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பேசறே கண்ணு. உங்கப்பனை வரச் சொல்லு. வந்து, 'அண்ணா, தயவு பண்ணி வாங்கிக்குங்க'ன்னு சொல்லட்டும். அப்பறம் யோசிக்கறேன்."

நான் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆணி நிமிர்த்துவதை நிறுத்தவில்லை. "பள்ளிக்கூடத்துல தூது போறதுக்குத்தான் படிச்சியா?" என்றார்.

ஒரு முறை, அவர்கள் நாளில், அம்மா குடிதண்ணீருக்காகக் கிணற்றில் இறங்கினாள். பெரியம்மா நிறைகுடத்தோடு ஏறி வந்தாள். அந்தப் படியில் ஒருவர்தான் போக முடியும். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேருடைய புருஷன்மார்களும் மேலே ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தங்கையைத் தாண்டும்போது குடம் தளும்பி அம்மாவின் தோளில் தண்ணீர் விழுந்தது. மேலே வந்து பெரியம்மா குடத்தை எட்டிப் பார்த்தாள், எவ்வளவு குறைந்தது என்று.

மிளகாய் குடத் தண்ணீரில் பிழைக்கிற பயிரா? சித்திரை பாதியில் பூவெல்லாம் கொட்டியது. இலை சுருண்டு செடி குச்சியானது. பெரியப்பா அந்தச் செடிகளையும் அவளையே பிடுங்கச் சொன்னார். அவருக்குக் கைவசம் நெல் இருந்தது, எருமைகள் இருந்தன, ஒரு போகம் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நிலம் போகவில்லை, மானமும் போகவில்லை. சந்தையில் அவர் எப்போதும்போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்குத்தான் வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. அடுப்பின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து காய்ந்த மிளகாய்ச் செடியை எரித்துச் சமைத்தாள். அந்தப் புகையில் எங்கள் வீடு வரைக்கும் இருமல் வரும்.

எங்கள் வெங்காயம் நன்றாக வந்தது. முதலில் நனைந்த பாத்திகளில் கெட்டிச் சிவப்பாக, மற்றதில் கொஞ்சம் சிறியதாக. நிலம் தங்கியது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு அப்பாவைப் பாராட்டினான். அப்பா அவனைச் சாலுக்கு அருகே கூட்டிப் போய் ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டினார்.

அம்மா பெரிய காய்களாகப் பொறுக்கி ஒரு கூடை நிறைத்தாள். இரண்டு ஆண்களும் வெளியே போயிருந்த ஒரு மதியத்தில் என்னிடம் கொடுத்தாள். "அக்காளுக்குக் குடுத்துட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லு. மன்னிக்கச் சொல்லி ஒண்ணும் கேக்காதே. கூடையக் குடுத்துட்டு வந்துரு."

பெரியம்மா அடுப்படியில் காலை நீட்டியிருந்தாள். நான் கூடையை வைத்ததும் அதைப் பார்த்தாள். ஒரு காயை எடுத்து நகத்தால் தோலைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பச்சையாகவே கடித்தாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. முழுவதும் தின்றாள்.

"நல்லாருக்குது," என்றாள். பிறகு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போயிரு சாமி. நான் தின்னேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லாதே."

"ஏனுங்க பெரியம்மா? சந்தோசப்படுவாங்களே."

"அதுக்குத்தான்," என்றாள்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கூடை திரும்பி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுகூட எடுத்துக்கலையா?"

"இல்லம்மா."

அம்மா கூடையை வாங்கிப் போய்க் களத்துக் குவியலில் கவிழ்த்தாள். பெரிய காய்கள் சரிந்து சிறியவற்றோடு கலந்தன. அவள் குந்தி உட்கார்ந்து மற்ற வெங்காயங்களுக்குத் தாள் அறுக்கத் தொடங்கினாள்.